தலை தெறித்த மூன்று போல்ட்டுகள்

"உன் பளபளப்பு பட்டதுலதான்டா என் இரும்பு கெட்டுச்சு!"

"இரும்பு ஒழுங்கா இருந்தா ஏன் மாமா கெடுது? பிஸ்கட் மாதிரி உடைஞ்சிருக்கு!"

"பிஸ்கட்டா? முப்பது வருஷமா உலை முன்னாடி நின்னு முகமே வெந்துபோச்சு எனக்கு. என்கிட்ட வந்து பிஸ்கட்டுங்கிற!"

உலைக்காரரும் அவர் மச்சானும் இரண்டு மாதத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் இவை. சந்தோஷப்படுவதா, பயப்படுவதா என்று புரியாமல் நான் என் ஜன்னலில் நின்று ஒரே துண்டை நான்காவது முறையாக மடித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக் கீழ்த்தளம்தான் அவர்கள் பட்டறை. கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். அவர்கள் பேசுவது காதில் விழாமல் இருக்க வேண்டுமென்றால் நான்தான் வீடு மாற வேண்டும்.

பட்டறையின் இடது பாதி உலைக்காரருடையது. போல்ட்டுகளைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, எண்ணெயில் அமிழ்த்தி, மறுபடி இளஞ்சூட்டில் வைத்துக் கடினமாக்குவார். வலது பாதி மச்சானுடையது. அங்கே அமிலத் தொட்டியில் கழுவி, துத்தநாக முலாம் பூசுவான். நடுவில் ஒரு மேஜை. அதில் உட்கார்ந்து டப்பாவில் அடுக்குகிறவள் ஒருவனுக்கு அக்கா, இன்னொருவருக்கு மனைவி. தெரு முழுக்க அவளை அக்கா என்றுதான் கூப்பிடும், அவளைவிடப் பத்து வயது மூத்த நான் உட்பட.

பேச்சு நின்றது ஒரு விசிறியால். அமிலப் புகையை வெளியே தள்ளும் விசிறியை மச்சான் ஒருநாள் திருப்பி வைத்தான். புகை உலைப்பக்கம் போனது, உலைக்காரரின் இடுக்கிகளெல்லாம் துருப்பிடித்தன. "கேட்டுட்டு வைக்கக் கூடாதா?" என்றார் இவர். "சொன்னா திருப்பிட மாட்டேனா?" என்றான் அவன். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை, விசிறி திரும்பவும் இல்லை. அன்றிலிருந்து எல்லாம் அக்கா வழியாகத்தான். "தண்ணி பைப்பை மூடச் சொல்லு." "மூடியாச்சுன்னு சொல்லு." இருவருக்கும் நடுவே இருந்த தூரம் பன்னிரண்டு அடி.

இப்போது நடந்தது இதுதான். தெருக்கோடி நாலு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் புது இரும்புத் தாங்கி நிறுத்தினார்கள். அதன் போல்ட்டுகள் இவர்கள் பட்டறை போல்ட்டுகள். வியாழக்கிழமை மாலை முறுக்கினார்கள். வெள்ளிக்கிழமை காலை பார்த்தால் மூன்று போல்ட்டின் தலை தரையில் கிடக்கிறது. யாரும் தொடவில்லை, காற்றுகூட அடிக்கவில்லை. நல்லவேளை, தொட்டி சாயவில்லை. பம்பு மெக்கானிக் வந்து அவசரமாகத் தொட்டியைக் காலி செய்தான். நாலு மாடி ஜனமும் வாளியோடு படியேறி இறங்கி, இடுப்பில் கை வைத்து நின்றது.

தாங்கியை நிறுத்திய மேஸ்திரி சனிக்கிழமை பட்டறைக்கு வந்தார். கத்தவில்லை. "யார் பாதியில தப்போ, அந்தப் பாதி இனிமே எனக்கு வேணாம். திங்கக்கிழமை லேப்லேர்ந்து ஒரு பொண்ணு வரும். அது எழுதிக் கொடுக்கறதுதான் முடிவு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை விட்டால் இவர்களுக்கு வேறு பெரிய வேலை கிடையாது. ஆக, திங்கட்கிழமை மாலை ஒன்று உலை அணையும், இல்லை முலாம் தொட்டி வற்றும்.

யார் பாதியில் தப்பு என்று திங்கட்கிழமை மூண்ட சண்டைதான் மேலே நீங்கள் கேட்டது. லேப் பெண் வாசலில் செருப்பைக் கழற்றும்வரை அது ஓயவில்லை.

வந்தவள் முப்பது வயதிருப்பாள். எத்தனை பட்டறையில் எத்தனை பேர் கத்துவதைக் கேட்டிருப்பாளோ, முகத்தில் அந்தக் களைப்பு. உடைந்த தலைகளைத் துணிப்பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள்.

"இரும்பு நல்ல இரும்பு. கடினம் சொன்ன அளவுக்குச் சரியா இருக்கு" என்றாள்.

உலைக்காரர் மச்சானைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"முலாமும் சரியான கனம்தான்."

இப்போது மச்சான் முறை.

"அப்புறம் எதும்மா தப்பு?" என்றாள் அக்கா. குரலில் உயிரே இல்லை.

அந்தப் பெண் ஒரு தலையைத் திருப்பி உடைந்த பக்கத்தைக் காட்டினாள். சர்க்கரைக் கட்டியை உடைத்தால் பொடிப்பொடியாக மின்னுமே, அப்படி மின்னியது. "இரும்புக்குள்ள அணுவெல்லாம் வரிசை வரிசையா நிக்குது. எல்லா வரிசையும் முழுசா இருக்காது, நடுவுல அறுந்த வரிசையும் உண்டு. அந்தக் குறை இருக்கிறதாலதான் இரும்பு வளையுது. ஒரு வரிசை மேல இன்னொண்ணு மெல்ல வழுக்கிக் கொடுக்கும். நீங்க எண்ணெயில அமிழ்த்தினதும் அந்த வழுக்கல் நிக்குது. பலம் வருது, ஆனா வளைஞ்சு கொடுக்கற குணம் குறைஞ்சுடுது."

"அதுக்குத்தானே கடினமாக்கறதே" என்றார் உலைக்காரர், தன் குழந்தையை யாரோ பாராட்டியதுபோல.

"ஆமா சார். ஆனா அமிலத்துல கழுவறப்பவும் முலாம் ஏத்தறப்பவும் ஹைட்ரஜன் உள்ள போகும். அணுவிலேயே அதுதான் ரொம்பச் சின்னது, எந்த இடுக்குலயும் நுழைஞ்சுடும். மிருதுவான இரும்புன்னா பெரிசாக் கண்டுக்காது. கடினமானது தாங்காது. முறுக்கி நிறுத்தினதும் அந்த ஹைட்ரஜன் இறுக்கம் அதிகமான இடமாப் பார்த்துச் சேரும். இங்க மின்னுதே, இந்தப் பொடி மணிகள் ஒண்ணோட ஒண்ணு சேர்ற ஓரம் விட்டுப்போகும். சத்தமில்லாம விரிசல் ஓடும். மறுநாள் தலை கீழ கிடக்கும்."

"இது எங்களுக்குத் தெரியாதா?" என்றான் மச்சான். "அதுக்குத்தானே முலாம் போட்ட நாலு மணி நேரத்துக்குள்ள மாமாவோட சின்ன உலையில இருநூறு டிகிரியில வைக்கிறோம். ஒரு ராத்திரி இருந்தா உள்ள போனது வெளிய வந்துடும்."

"இந்த போல்ட்டுங்க இருந்த தட்டை உலையில வச்சீங்களா?"

சின்ன உலையின் பக்கத்தில் வட்டக் காகிதம் ஒன்று மாட்டியிருக்கும். சூட்டுக்குத் தக்கபடி பேனா அதில் தானாகக் கோடு போடும். லேப் பெண் பழைய வட்டங்களைப் புரட்டினாள். இந்தத் தட்டுக்கு முலாம் போட்ட செவ்வாய்க்கிழமை வட்டத்தில் கோடு ஏறவே இல்லை.

"நான் சொல்லி அனுப்பினேன்" என்றான் மச்சான்.

"எனக்கு யாரும் சொல்லல" என்றார் உலைக்காரர். "தட்டு ஸ்டூல்ல இருந்துச்சு, பார்த்தேன். வைக்கணுமா, ஆயிடுச்சான்னு நானா போய்க் கேக்கணுமா?"

"கேட்டா வாய் தேஞ்சிடுமா மாமா?"

"நீ சொன்னா தேஞ்சிடுமா?"

"நான்தான் சொல்லல" என்றாள் அக்கா.

இருவரும் திரும்பினார்கள். அவள் டப்பா அட்டையை மடித்துக்கொண்டே பேசினாள், தலை நிமிரவில்லை. "டேய், நீ சொன்னே. தட்டைக் கொண்டுபோய் ஸ்டூல்ல வச்சேன். இவர்கிட்ட சொல்லணும்னு வாயைத் திறந்தேன், வரல. பைப்பு மூடினதைச் சொல்லி, லைட்டு போட்டதைச் சொல்லி, சாப்பிட வரச் சொல்லி, வரலைங்கிறதையும் சொல்லி... ரெண்டு மாசம். மேல போய்ப் படுத்துட்டேன். மறுநாள் வந்தா தட்டு அங்கயேதான் இருந்துச்சு. நீங்களே பார்த்து வச்சு எடுத்திருப்பீங்கன்னு நெனச்சு அடுக்கிட்டேன். கண்ணு இருக்கேன்னு நெனச்சேன், ரெண்டு பேருக்கும்."

உலை உறுமிக்கொண்டிருந்தது. நான் துண்டை மடிப்பதை நிறுத்தியிருந்தேன்.

லேப் பெண் தன் படிவத்தைப் பார்த்தாள். அதில் மூன்று கட்டங்கள்தானாம்: இரும்பு, சூடு, முலாம். பேசாமல் இருந்ததற்குக் கட்டம் கிடையாது. பேனாவைக் கையில் வைத்தபடி, "எதுல எழுதட்டும்?" என்றாள்.

உலைக்காரர் மனைவியின் கையிலிருந்த அட்டையை வாங்கி மேஜையில் வைத்தார். "சூட்டுல எழுதும்மா. கோடு ஏறல, அவ்வளவுதானே? உலை என்னுது. நான் பார்த்தேன், கேக்கல."

"மாமா, விசிறியை நான்..."

"விடுடா. நீ சின்னவன், இன்னும் ரொம்ப நாள் ஓட்டணும். எனக்கும் இவளுக்கும் போதும்னு ஆயிடுச்சு."

கையெழுத்துப் போட்டார். அக்கா அழவில்லை. மேலே போய் மத்தியானம் மூன்று மணிக்குப் படுத்தவள், மறுநாள் காலைவரை எழவில்லை என்று கேள்வி.

அந்தத் தட்டிலிருந்து போன போல்ட்டெல்லாம் ஒன்றுவிடாமல் திரும்பி வந்தது. தாங்கிக்கு வேறு போல்ட் மாட்டினார்கள். மாதம் முடிவதற்குள் பெரிய உலையைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். ஏற்றும்போது மாமனும் மச்சானும் ஆளுக்கொரு முனை பிடித்து, "இந்தப் பக்கம் தூக்கு", "மெல்ல, கால் பத்திரம்" என்று ஓயாமல் பேசிக்கொண்டார்கள். வேளை கெட்ட வேளையில் வந்த பேச்சு.

உலைக்காரரும் அக்காவும் மகள் இருக்கும் ஊருக்குக் குடிபோய்விட்டார்கள். அங்கே கண்ணாடிப் புட்டித் தொழிற்சாலையில் புட்டிகளை மெதுவாக ஆறவைக்கும் உலையைப் பார்த்துக்கொள்கிறாராம். அவசரப்பட்டு ஆறவிட்டால் புட்டி தானாக வெடிக்குமாம். அக்கா எந்த வேலைக்கும் போகவில்லை, பேச்சும் குறைவாம். லேப் பெண்ணை மச்சான் கட்டிக்கொள்வான் என்று நான் நாலு வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். அவள் தொட்டியைக் காலி செய்த பம்பு மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு என் முகத்தில் கரியைப் பூசினாள். மச்சான் இன்னும் தனிக்கட்டைதான். சின்ன உலையை மட்டும் வைத்துக்கொண்டு, முலாம் போட்ட தட்டைத் தானே கொண்டுபோய் வைக்கிறான், கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து.

விசிறியைத் திருப்பிவிட்டான். இப்போது அது என் ஜன்னலைப் பார்த்து நிற்கிறது. போய்ச் சொல்லலாம் என்றுதான் இருக்கிறேன்.