பன்னிரண்டாவது பெயர்

பட்டியலில் பதினொரு பெயர்கள் இருந்தன. பானுப்ரியா மேலிருந்து கீழாக ஒரு தடவையும் கீழிருந்து மேலாக ஒரு தடவையும் எண்ணினாள். எதையும் ஒரே தடவையில் நம்பிவிடுகிறவள் அல்ல அவள். கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற பெண். அந்தக் குணத்துக்காகத்தான் அம்மன் கோவில் தர்மகர்த்தா பாண்டித்துரை, "எழுத்து வேலைக்குக் காசிலிங்கம் மவ போதும்" என்று சொல்லி அவளை அனுப்பியிருந்தார்.

வேம்பாருக்குத் தெற்கே, கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் இருந்தது அந்த ஊர். மாதா கோவிலும் பள்ளிவாசலும் அம்மன் கோவிலும் சேர்ந்து ஒரு காரியத்தில் இறங்கியது அதுதான் முதல் தடவை. சிறுநீரகம் கெட்டவர்கள் டயாலிசிஸுக்காக வாரம் இரண்டு நாள் தூத்துக்குடிக்குப் போனார்கள். போக இரண்டு மணி நேரம், படுக்கையில் நாலு மணி நேரம், ஒடுங்கிப்போன உடம்போடு திரும்பி வர இரண்டு மணி நேரம். பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலேயே ஒரு மெஷின் வைத்தால் என்ன என்பதுதான் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சாமியார் அதை அறிவித்தார். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு ஜமாத் செயலாளர் மீராசா அறிவித்தார். செவ்வாய்க்கிழமை அம்மன் கோவில் மைக்கில் பாண்டித்துரை அறிவித்தார். நோயாளிகள் பெயர் கொடுக்க வேண்டும், மூன்று இடமும் சேர்ந்து மனு கொடுக்கும்.

கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் அதிகாரி நல்லபடியாகத்தான் பேசினார். பன்னிரண்டு நோயாளிகளாவது இருந்தால்தான் மெஷின் கேட்டு எழுத முடியும், டிசம்பர் முடிவதற்குள் இன்னொரு பெயர் கொண்டுவாருங்கள் என்றார்.

அன்று சாயங்காலம் மாதா கோவில் அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பங்கின் மாதர் சங்கத் தலைவி பிலோமினா சலித்துக்கொண்டாள்.

"காலுல திருக்க மீனு முள்ளு குத்தினா ஊரக் கூட்டிச் சொல்லுதான். கிட்னி போச்சுன்னா மட்டும் தொண்டையில முள்ளு மாட்டுன மாதிரி இருக்கான். ஒங்க ஆளுகள்ள யாருமே இல்லையா காக்கா?"

ஊரே அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற மீராசா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். "கேட்டுப் பாத்தாச்சு."

"ஒங்க தெருவுல? ஏளா பானு, ஒன்னத்தான்."

"தெரியலக்கா," என்றாள் பானுப்ரியா. தாளைப் பார்த்தபடியே, மறுபடி எண்ணினாள்.

பன்னிரண்டாவது ஆள் அவளுடைய அப்பா.

காசிலிங்கம் பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஒன்றரை வருடமாகப் புதன்கிழமையும் சனிக்கிழமையும் முதல் பஸ்ஸில் தூத்துக்குடி போய், ஊர்க்காரர்கள் போகாத ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்துகொண்டு வந்தார். கேட்டவர்களிடம் சரக்கெடுக்கப் போவதாகச் சொன்னார். சொன்னதற்குச் சாட்சியாக ஒவ்வொரு தடவையும் ஒரு பை பிஸ்கட்டோ சோப்போ வாங்கிவந்தார். ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைத்த இடது கையில் எடை தூக்கக் கூடாது என்பதால் பை எப்போதும் வலது கையில் இருக்கும். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை. வாரத்துக்கு இரண்டு தடவை சரக்கெடுக்கிற கடை என்று ஊரில் பேர் ஏறிவிட்டது. அந்தப் பேரைக் கேட்டுத்தான் புதுக்கோட்டையிலிருந்து அக்கா செல்வராணியைப் பெண் கேட்டு வந்தார்கள். பூ வைத்தாயிற்று. தையில் கல்யாணம்.

அன்று கடை சாத்துகிற நேரத்தில் அவள் கேட்டாள். "ஒரு பேருதாம்ப்பா கொறையுது."

"தெரியும்மா."

"நம்ம பேர எழுதட்டா?"

அவர் ஷட்டர் கொக்கியைத் தேடுவதுபோல் குனிந்தார். "தகப்பனுக்குக் கிட்னின்னா, மகளுக்கும் வருமோம்பான். சீக்காளி வீடும்பான். தை கழியட்டும்மா. கழிஞ்ச மறுநாளு நானே வந்து கையெழுத்துப் போடுதேன்."

"டிசம்பருக்குள்ள வேணுமாம்."

"வேற யாராவது வருவாவ," என்றார். பிறகு, "இருப்பாவ," என்றார். அவர் அதை ஏன் அவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

கார்த்திகை மழை அந்த வருடம் விடாமல் பெய்தது. உப்பளத்துத் தண்ணீர் கடற்கரைச் சாலையில் ஏறி, வெள்ளிக்கிழமை பஸ் நின்றது. பிலோமினா சாமியாரிடம் பேசி ஒரு வேன் பிடித்தாள். விளாத்திகுளம் சுற்றிப் போகிற வேன். பட்டியலில் உள்ள பதினொரு பேரும் சனிக்கிழமை விடியுமுன் மாதா கோவில் வாசலுக்கு வரவேண்டும். யார் எங்கே உட்காருவது என்று எழுதியது பானுப்ரியாதான். எழுதி முடித்தபோது டிரைவர் பக்கத்தில் ஒரு இடம் மிஞ்சியது.

வீட்டுக்கு ஓடினாள். "ஏறிருங்கப்பா. எடம் இருக்கு."

"சீக்காளிக வண்டியில சரக்கெடுக்கவா போறேன்?" அவர் சிரித்தார். முகம் உப்பியிருந்தது.

"அப்ப தனியா கார் பிடிப்போம்."

அம்மா சீனித்தாய் குறுக்கே பேசினாள். "இந்தத் தண்ணிக்குள்ள கார் பிடிச்சு பிஸ்கட் வாங்கப் போனா ஊரு என்னளா கேக்கும்? மாப்ள வீட்டுக்குப் போனு போறதுக்கு எத்தன நேரம் ஆகும்?"

"புதன்கெழம பஸ் விட்டுருவான்," என்றார் காசிலிங்கம். "தண்ணி குடிக்காம இருந்துக்கிடுதேன்."

வேன் கடையைத் தாண்டிப் போனபோது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே இருந்த யாரோ கையசைத்தார்கள். அவரும் அசைத்தார்.

புதன்கிழமையும் பஸ் வரவில்லை. வேன் இரண்டாம் தடவை போனது. அன்று பானுப்ரியா அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வந்திருப்பாரோ என்று பிறகு பல நாள் நினைத்தாள். வந்திருக்க மாட்டார் என்றும் நினைத்தாள். இரண்டில் எதையும் அவளால் நம்ப முடியவில்லை. அன்று சாயங்காலமே அவருக்கு மூச்சு வாங்கியது. அப்போது அம்மாவே கார் பிடிக்கச் சொன்னாள். கார் வந்தபோது பேச்சு நின்றிருந்தது. குளத்தூரைத் தாண்டும் முன் அம்மாவின் மடியிலேயே போய்விட்டார்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வேண்டும். படம், பெயர், ஊர், எடுக்கிற நேரம். அந்தப் பக்கத்துப் போஸ்டர்களில் என்ன நோய் என்று யாரும் போடுவதில்லை.

"யாரு கேட்டாலும் மாரடைப்புன்னு சொல்லுங்க," என்றாள் சீனித்தாய் அழுகைக்கு நடுவில்.

அச்சகத்தில் வாசகம் எழுதித் தர உட்கார்ந்தவள் பானுப்ரியா. வழக்கமான வரிகளை எழுதினாள். பேனாவை மூடினாள். திறந்தாள். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: 'சிறுநீரக நோயாளி. மழையால் டயாலிசிஸுக்குப் போக முடியாமல் இறந்தார்.' அச்சகத்துக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இது வேணுமாம்மா?" என்றார்.

"வேணும் அண்ணாச்சி."

சொல்லும்போதே அது சரியா என்று தெரியவில்லை அவளுக்கு. போனில் திரும்பக் கூப்பிட்டு எடுத்துவிடச் சொல்லலாம் என்று வீடு வரும்வரை நினைத்துக்கொண்டே வந்தாள். கூப்பிடவில்லை.

மாதா கோவில் மதிலிலும் பள்ளிவாசல் தெருவிலும் அம்மன் கோவில் முன்னாலும் போஸ்டர் ஒட்டப்பட்டது. புதுக்கோட்டைக்காரர்கள் மாலையோடு வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா மதிலைப் படித்துவிட்டு நின்றார், பிறகு இன்னொரு தடவை படித்தார். பந்தலில் உட்கார்ந்திருந்து, எடுத்ததும் போய்விட்டார்கள். தை மாதத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

செல்வராணி மூன்றாம் நாள்தான் பேசினாள்.

"எனக்காகத்தான் மறச்சாவ. செத்த பொறவு நீ செவுத்துல ஒட்டிட்ட. அவிய பட்டதுக்கெல்லாம் என்னளா அர்த்தம்?"



ஐந்தாம் நாள் மீராசா துட்டி கேட்க வந்தார். எடுத்த அன்றும் வந்திருந்தார், இன்று தனியாக, கடை வாசலில் வந்து நின்றார். கடை பாதி திறந்திருந்தது. அப்பா கடைசியாக வாங்கிவந்த பிஸ்கட் பை இன்னும் பிரிக்கப்படாமல் ஆணியில் தொங்கியது.

"அந்தத் தாள் கையில இருக்காம்மா?"

அவள் எடுத்துவந்தாள்.

"எழுதிக்கோ. பாத்துமுத்து." குரலைத் தாழ்த்தினார். "என் பெஞ்சாதி."

அவள் எழுதாமல் அவரைப் பார்த்தாள்.

"ரெண்டு வருசமாச்சு. மகளுக்கு நிக்காஹ் பேசிக்கிட்டிருக்கு. தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டுத் தூத்துக்குடி போவா. மழைக்கு முன்னாலயே அங்கன கொண்டு விட்டுட்டேன். அதனாலதான் இருக்கா." கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. "ஒங்கப்பாவும் அவளும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கைதாம்மா."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல போவாவ. ஊரு தாண்டுற வரைக்கும் பாத்துக்கிட மாட்டாவ. நான் உங்களப் பாக்கல, நீங்க என்னப் பாக்கலன்னு பேசி வச்சிருந்தாவளாம். பிஸ்கட் வாங்குனா அவளுக்கு ஒரு பாக்கெட்டு குடுப்பாராம். நேத்து போஸ்டர் படத்த போனுல அனுப்பிச்சேன். அழுதா. எம் பேர எழுதிருங்கன்னா."

வேறு யாராவது இருப்பாவ என்று அப்பா சொன்னது இதைத்தான்.

"அன்னைக்கு அந்த அறையில," என்று தொடங்கினாள் பானுப்ரியா.

"ஆமா," என்றார் மீராசா. "நானும் வாயத் தொறக்கல. நீயும் தொறக்கல."

அவள் பேனாவை எடுத்துப் பன்னிரண்டு என்று எண் போட்டாள். பெயர், விலாசம், வயது. வயதை அடித்துவிட்டுத் திரும்ப எழுத வேண்டியிருந்தது.

"பன்னண்டு ஆயிட்டுல்லா?"

"ஆயிட்டு காக்கா."

அவர் போன பிறகு அவள் மேலிருந்து கீழாக எண்ணினாள். கீழிருந்து மேலாகவும் எண்ணினாள். இரண்டு தடவையும் பன்னிரண்டு வந்தது. மூன்றாவது தடவை எண்ணும்போது, தன்னை அறியாமல் பதின்மூன்று என்று முடித்தாள்.