உரிமையாளர் சம்மதம்

காலை ஏழேகாலுக்கு லொறி வந்தது.

அதில் பதினாறு மலசலகூடக் கோப்பைகள் இருந்தன. வைக்கோல் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். இரண்டு பேர் அவற்றை ஒவ்வொன்றாக இறக்கி, கனகசபாபதி கை காட்டிய இடத்தில், மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கினார்கள். அவருடைய மனைவி குணலட்சுமி குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, உது பூவரசடிச் சனத்துக்கு வந்ததெல்லோ? ஏன் இஞ்சை இறக்கிறியள்?"

"கொஞ்ச நாளைக்கு இஞ்சை கிடக்கட்டும்."

"லொறி பூவரசடியைத் தாண்டித்தானே வந்திருக்கும்."

"லொறிக்காரருக்கு முன்னாலை உதுகளைக் கதையாதையும்."

கனகசபாபதி இரண்டு தடவை எதிர்க்கட்சி ஆசனத்தில் இருந்தவர். ஆஸ்பத்திரியில் மருந்தில்லை, ஏழைக்குக் கக்கூசு இல்லை என்று பாராளுமன்றத்தில் பேசியவர். சென்ற ஒக்டோபரில் கட்சியோடு சேர்ந்து அவரும் ஆசனத்தை இழந்தார். ஊர் அவரை இன்னும் எம்.பி. என்றுதான் சொன்னது. கொழும்பைக் கேட்பதை விட்டுவிட்டு அவர் இப்போது வெளிநாடுகளைக் கேட்டார். ஒஸ்லோவுக்கும் ஜெனீவாவுக்கும் கடிதங்கள் போயின. அவர் நடந்துகொண்டு சொல்ல, குணலட்சுமி தட்டச்சுப் பொறியில் அடிப்பாள். கல்யாணத்துக்கு முன்பு அவள் ஆங்கிலம் படிப்பித்தவள்.

அவர் பொய்யர் அல்ல. அவர் கொண்டுவந்த மருந்துப் பெட்டிகளால் பிழைத்த பிள்ளைகள் தென்மராட்சி முழுவதும் இருந்தார்கள்.

பூவரசடி பத்துப் பரப்புக் காணி. அதில் பதினாறு கிடுகு வீடுகள். காணி குணலட்சுமியின் சீதனம். அவளுடைய பாட்டனார் காலத்திலிருந்து அந்தச் சனம் அங்கே இருந்து வயலிலும் தோட்டத்திலும் வேலை செய்தது. இருக்கலாம். ஆனால் கல்லால் எதையும் கட்டக் கூடாது. கிணறு வெட்டக் கூடாது. கக்கூசுக்குக் குழி தோண்டக் கூடாது. ஒரு கல் வைத்தால் நாளைக்கு உரிமை கேட்பார்கள் என்று காணிக்காரர்கள் எல்லோரும் நம்பினார்கள்.

இந்தக் கோப்பைகளைக் கேட்டு அடித்த விண்ணப்பத்தில் நிலத்தைப் பற்றி ஒரு கேள்வி இருந்தது. "நிலத்தை ஊர்ப் பெரியவர் ஒருவர் மனமுவந்து இலவசமாக வழங்குகிறார்" என்று கனகசபாபதி ஆங்கிலத்தில் சொன்னார். குணலட்சுமி விரலைத் தூக்கிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"அடியும். ஆரும் வந்து கேக்கப் போறேல்லை" என்றார்.

அவள் அடித்தாள்.

லொறி போன பிறகு அவர் சொன்னார்: "வெள்ளிக்கிழமை கொடிகாமத்து ஆக்கள் வருகினம். எங்கடை பிள்ளை வதனியின்ரை கலியாண விசயம் முடியட்டும். அவை அந்தப் பத்துப் பரப்பையும் சீதனத்துக்கு வெறுங்காணியாக் கேக்கினம்."

"வெறுங்காணியா எண்டால்?"

"ஆக்கள் இல்லாமல். டொக்ரர் மாப்பிள்ளை சும்மா வருமே?"

"அப்ப இந்தக் கோப்பையள்?"

"பள்ளிக்கூடத்துக்குக் குடுப்பம். வாசிகசாலைக்கு ரெண்டு. மிச்சம் கோயில் வீதிக்கு. ஏழையள் எண்டால் பூவரசடி மட்டுமே?"

"கோயில் வீதிக் கக்கூசுக்குப் பூவரசடிச் சனம் போகலாமோ?"

கனகசபாபதி பேப்பரை விரித்தார்.

பத்து மணிக்கு நல்லம்மா வந்தாள். பூவரசடிக்காரி. வழக்கம்போலப் பின்படலையால் வந்து, மாட்டுக்கொட்டிலோடு நின்றுவிட்டாள்.

"தொடலாமோ நாச்சியார்?"

"தொடு."

நல்லம்மா வைக்கோலை விலக்கி உள்ளே தடவிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"எங்கடை சோத்துக்கோப்பையை விட வெள்ளையாக் கிடக்கு. உதிலை குந்த மனம் வராதெண்டுதான் எங்கடை பக்கத்து வீட்டு ஏரம்பு சொல்லுவார்."

"அவர் சொல்லுவார். நீ குந்து."

"எப்ப நாச்சியார் கட்டத் துவங்குறது? குழியை நாங்களே வெட்டுவம். கூலி வேண்டாம்."

குணலட்சுமி விலகிய வைக்கோலைத் திரும்பவும் சுற்றினாள். நல்லம்மாவின் மூத்த மகள் மார்கழியில் நெருப்புக்காய்ச்சலில் செத்தாள். மாரி வெள்ளம், சனம் வெளிக்குப் போகும் பனை வடலிக்குள் கிடந்த அழுக்கையெல்லாம் அள்ளிக்கொண்டு பள்ளத்துக் குட்டையில் விட்டது. பூவரசடி அந்தக் குட்டையில்தான் தண்ணீர் அள்ளியது.

"சின்னவள் என்ன செய்யிறாள்?"

"அதைத்தான் சொல்ல வந்தனான். பெரியபிள்ளையாகி மூண்டு மாசம். தண்ணி குடிக்கிறாளில்லை."

"ஏன், காய்ச்சலோ?"

"இல்லை. குடிச்சால் வெளியாலை போக வேணுமெண்டு. விடியப்புறம் வடலிக்குள்ளை போனால் றோட்டிலை ஆமி ஜீப் நிக்குது. லைற் அடிச்சுப் பாக்கிறாங்கள். பகலிலை ஆம்பிளையள். ஒருநாளைக்கு ஒரு நேரம் எண்டு அடக்கி வைச்சிருக்கிறாள். நேற்று மயங்கி விழுந்திட்டாள்."

நல்லம்மாவுக்கும் தாகமாக இருந்தது. குணலட்சுமி செம்பைக் கொண்டுவந்தாள். வேலிக் கதிகாலில் கவிழ்த்திருந்த அலுமினியப் பேணியை நல்லம்மா எடுத்து நீட்டினாள். குணலட்சுமி செம்பு பேணியில் படாமல் உயரத்திலிருந்து வார்த்தாள். இருபத்தாறு வருடமாக அப்படித்தான் வார்த்தாள்.

"ஐயா என்ரை பிள்ளையைப் பற்றி இங்கிலீசிலை எழுதினவராம். என்ன எழுதினவர் நாச்சியார்?"

குணலட்சுமிக்கு அது மனப்பாடமாக இருந்தது. தமிழில் சொன்னாள். "நல்லம்மா என்ற கூலித் தொழிலாளியின் மகள் சென்ற மாதம் இறந்தாள். வயது பதினேழு. ஒரு மலசலகூடம் இருந்திருந்தால் அவள் இன்று உயிரோடு இருப்பாள்."

"உப்பிடியே எழுதினவர்?"

"ஓம்."

"என்ரை பேர் போட்டிருக்கோ?"

"இருக்கு."

"பிள்ளையின்ரை பேர்?"

குணலட்சுமி கொஞ்சம் யோசித்தாள். "இல்லை."

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்" என்றாள் நல்லம்மா. பேணியைக் கழுவித் திரும்பவும் கதிகாலில் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமை பின்னேரம் கிறிஸ்துநாயகம் மோட்டார் சைக்கிளில் வந்தான். கோப்பைகளை அனுப்பிய வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் யாழ்ப்பாண அலுவலகத்தில் வேலை செய்பவன். விறாந்தையில் உட்கார்ந்து ஒரு படிவத்தை மேசையில் வைத்தான்.

"சேர், உங்கடை விண்ணப்பத்திலை அவைக்கு ஆகப் பிடிச்சது அந்த ஒரு வரிதான். காணியைச் சும்மா குடுக்கிற பெரியவர். தங்கடை பத்திரிகையிலையும் போட்டிருக்கினம்."

"அப்பிடியோ" என்றார் கனகசபாபதி.

"அவரின்ரை கையெழுத்து வேணும். நாங்கள் கட்டிக் குடுத்திட்டுப் போக, நாளைக்கு ஆரும் அந்தச் சனத்தை எழுப்பக் கூடாதெல்லோ."

"வாங்கித் தாறன் தம்பி. ஆள் இப்ப கொழும்பிலை."

குணலட்சுமி தேத்தண்ணியை மேசையில் வைத்தாள்.

"காணி என்ரை" என்றாள்.

கிறிஸ்துநாயகம் அவளைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். பிறகு தேத்தண்ணியை எடுத்தான்.

"அம்மாவின்ரையோ? சீதனமோ?"

"ஓம்."

"அப்ப ரெண்டு கையெழுத்து. தேசவழமைச் சட்டப்படி நீங்கள் தனிய வைச்சால் செல்லாது. சேரும் சம்மதமெண்டு எழுத்திலை தர வேணும்." அவன் படிவத்தை அவள் பக்கமாகத் திருப்பினான். "வெள்ளிக்கிழமை லொறியோடை வருவன். கடுதாசி இருந்தால் எல்லாத்தையும் பூவரசடிக்கு ஏத்துவன். இல்லாட்டில் குருநகருக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கினம். அங்கையும் சனம் இருக்குது."

"பள்ளிக்கூடத்துக்கு மாத்தேலாதோ தம்பி?"

"பூவரசடி எண்டு எழுதினது நீங்கள், சேர்."

மோட்டார் சைக்கிளின் சத்தம் ஒழுங்கை முடக்கில் அடங்கியதும் கனகசபாபதி அவள் பக்கம் திரும்பினார்.

"ஏன் உதிலை வாயைக் குடுத்தனீர்?"

"கேட்டார். சொன்னன்."

"வதனியை வீட்டிலை வைச்சிருக்கிற யோசினையோ?"

"என்ரை அப்பா எனக்கு இந்தக் காணியைத் தரேக்கை அந்தச் சனம் அங்கைதான் இருந்தது. நீங்கள் வெறுங்காணி கேக்கேல்லை."

"அப்ப காலம் வேறை."

"ஓம். அப்ப நீங்கள் எம்.பி. இல்லை."

அவர் எழுந்து முற்றத்தைப் பார்த்தார். அடுக்கிய கோப்பைகளின் மேல் ஒரு கோழி ஏறி நின்றது.

"நல்லம்மாவின்ரை சின்னவள் தண்ணி குடிக்கிறாளில்லை" என்று குணலட்சுமி சொன்னாள். காரணத்தையும் சொன்னாள்.

கனகசபாபதியின் முகம் மாறியது. உண்மையாகவே கவலைப்பட்டார். பேனையை எடுத்து, பெரியாஸ்பத்திரியில் தனக்குத் தெரிந்த வைத்தியருக்கு ஒரு துண்டு எழுதினார். உடனே பார்க்கும்படி எழுதி, அடியில் கையெழுத்து வைத்து நீட்டினார்.

"நாளைக்கே கொண்டுபோகச் சொல்லும். காருக்கும் நான் சொல்லிவிடுறன்."

குணலட்சுமி துண்டை வாங்கினாள். அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள். ஒரு இழுப்பில் வைத்திருந்தார்.

அன்று பொழுதுபடுவதற்கு முன் அவள் தட்டச்சுப் பொறிக்கு முன்னால் உட்கார்ந்தாள். முதல் தடவையாக ஒருவரும் சொல்லாமல் அடித்தாள். பத்துப் பரப்புக் காணியின் எல்லைகள். பதினாறு வீடுகளுக்கும் அவரவர் நிலம். மலசலகூடமும் ஒரு பொதுக் கிணறும். படிவத்தில் கிணறு இல்லை. அவள் சேர்த்தாள். அடியில் இரண்டு கோடுகள். ஒன்றின் கீழ் தன் பெயரை அடித்து, மேலே கையெழுத்து வைத்தாள். மற்றதன் கீழ் அவருடைய பெயரை அடித்தாள்.

வியாழக்கிழமை அதை அவருடைய மேசையில் வைத்தாள். பின்னேரம் அது மேசையின் மற்ற மூலையில், பழைய பேப்பர்களுக்குக் கீழே இருந்தது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கொடிகாமத்தார் வந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் சிவசுப்பிரமணியம் இளைப்பாறிய ஸ்ரேசன் மாஸ்ரர். மாப்பிள்ளையின் தமக்கையும் மச்சானும் கூட வந்திருந்தார்கள். பலகாரம் முடிந்தது. வதனியைப் பார்த்தார்கள். அவள் உள்ளே போன பிறகு சிவசுப்பிரமணியம் கதிரையில் சாய்ந்தார்.

"எம்.பி.யின்ரை தொண்டைப் பற்றிக் கேள்விப்படாத ஆக்களில்லை. மகனும் சொன்னவன், காசு பணம் பெரிசில்லை, ஏழைக்கு உழைக்கிற குடும்பமெண்டு."

"ஏதோ எங்களாலை ஏலுமானது" என்றார் கனகசபாபதி.

"மற்றது, அந்தப் பத்துப் பரப்பு. சனம் இருக்குதெண்டு கதை."

"பங்குனிக்குள்ளை எழும்பிடுவினம்."

"கரைச்சல் ஒண்டும் வராதே? இப்ப உவங்கள் முந்தி மாதிரி இல்லை."

"என்ரை சொல்லுத் தட்டமாட்டினம்."

குணலட்சுமி குசினியில் கிளாசுகளைக் கழுவிக்கொண்டு கேட்டாள். வெளியே லொறியின் சத்தம் கேட்டது. பின்படலையைத் திறந்தாள்.

லொறிக்குப் பக்கத்தில் கிறிஸ்துநாயகம் நின்றான். ஏரம்பு மண்வெட்டியோடு நின்றான். பூவரசடியில் இருந்து வேறும் ஆறேழு பேர் வந்திருந்தார்கள். நல்லம்மா சின்னவளையும் கூட்டி வந்திருந்தாள். பெட்டை வேலியில் சாய்ந்து நின்றது. உதடு வெடித்துக் காய்ந்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனனியோ?"

"ஓம் நாச்சியார். ஐயாவின்ரை துண்டைக் கண்டோடனை பாத்தவை. நல்ல மரியாதை. நிறையத் தண்ணி குடிக்கட்டாம்."

குணலட்சுமி உள்ளே போனாள். கொடிகாமத்தாருக்கு வைத்திருந்த பூப்போட்ட கிளாஸ் ஒன்றில் தண்ணீர் நிறைத்துக் கொண்டுவந்தாள். பெட்டையின் கையில் கொடுத்தாள். நல்லம்மா கதிகாலில் இருந்த பேணியைப் பார்த்தாள். ஏரம்பு குனிந்து நிலத்தைப் பார்த்தான்.

பெட்டை கிளாசை இரண்டு கையாலும் பிடித்திருந்தது. கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தது. பிறகு பூவரசடி இருக்கும் பக்கம் பார்த்தது. தலையை ஆட்டிவிட்டு கிளாசைத் திருப்பிக் கொடுத்தது.

ஒரு சொட்டும் குறையவில்லை.

"என்னம்மா செய்யிறது?" என்று கிறிஸ்துநாயகம் கேட்டான்.

"பொறுங்கோ."

அவள் கணவரின் மேசைக்குப் போனாள். பழைய பேப்பர்களுக்குக் கீழிருந்து கடுதாசியை எடுத்தாள். பேனையையும் எடுத்தாள். தண்ணீர்க் கிளாஸ் இன்னும் கையில் இருந்தது. விறாந்தைக்கு வந்தாள். நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். தமக்கை கிளாசைத் தனக்கென்று நினைத்துக் கையை நீட்டினாள். குணலட்சுமி அதை மேசையில், கணவருக்கு முன்னால் வைத்தாள். பக்கத்தில் கடுதாசியை விரித்தாள். பேனையின் மூடியைக் கழற்றினாள்.

"உதென்ன?" என்று சிவசுப்பிரமணியம் கேட்டார்.

"பூவரசடிக்குக் கக்கூசு. இவர்தான் கேட்டு எழுதினவர்" என்றாள் அவள். "நான் வைச்சிட்டன். இவரின்ரை கையெழுத்து மட்டும்தான் மிச்சம்."

கனகசபாபதி கடுதாசியைப் பார்த்தார். சம்பந்திகளைப் பார்த்தார். குசினி வழியாகப் பின்படலை தெரிந்தது. அங்கே நின்றவர்களும் இவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"லொறி நிக்குது" என்றாள் குணலட்சுமி. "பூவரசடிக்கோ, குருநகருக்கோ? அந்தச் சனத்துக்கு நான் என்னெண்டு சொல்ல?"