அண்ணியின் கைகளை மறைத்த பட்டை

அந்த நீலப் பட்டையைப் போட்டவள் நானேதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மருத்துவமனையின் விளம்பரப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது வீடியோக்கள் ஆளுக்கொரு தினுசில் இருந்தன. கண் பிரிவு சிவப்பு எழுத்தில் போடும், குழந்தைகள் பிரிவு வானவில் நிறத்தில் போடும். எலும்பு டாக்டர் போனைப் படுக்கவைத்துத்தான் எடுப்பார். எல்லாருக்கும் சேர்த்து நான் ஒரே டெம்ப்ளேட் செய்தேன். போனை நிமிர்த்திப் பிடித்தால் திரை நிறையும் அளவு. மேலே தலைப்பு, நடுவில் பேசுபவரின் முகம் பெரிதாக, கீழே மூன்றில் ஒரு பங்கு நீலப் பட்டை. அதற்குள் லோகோ, போன் நம்பர், ஆறு வார்த்தைக்கு மிகாத ஒரு வரி. மொத்தம் முப்பது வினாடி. "தூரத்துல பார்த்தாலே நம்ம வீடியோன்னு தெரியுது" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு காது கேளாதவர்களுக்காகப் பத்து வீடியோ வேண்டும் என்றார். நான் அண்ணியைக் கூட்டிவந்தேன். அண்ணிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. காது கேளாதோர் பள்ளியில் கணக்கு டீச்சர். அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த பிறகு வீட்டில் எல்லாரும் சைகை மொழி கற்றுக்கொண்டோம். சரளமாக வந்தது எனக்குத்தான்.

குழந்தைகள் வார்டு நர்ஸோடு இரண்டு நாள் உட்கார்ந்து, எந்த மருந்து எத்தனை மில்லி, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று அண்ணி துருவித் துருவிக் கேட்டார். கைகள் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஒரே மூச்சில் பத்தையும் எடுத்து முடித்தோம்.

எடிட்டிங்கில் அதை டெம்ப்ளேட்டுக்குள் போட்டதும் எனக்குத் திக்கென்றது. முகம் மட்டும் பெரிதாக நின்றது. கைகள் பட்டைக்கு அடியில் போய்விட்டன. நடுநடுவே நாலு விரல் நுனி எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது.

மேனேஜரிடம் ஓடினேன். "சார், இந்தப் பத்துக்கு மட்டும் பட்டையை எடுத்துடலாம்."

"இவங்களுக்கு எடுத்தா நாளைக்கு ஒவ்வொரு பிரிவும் வந்து நிக்கும். ஒரே மாதிரி இருக்கணும்னுதானே நீ இதைச் செஞ்சே?"

"அவங்க பேசறதே கையாலதான் சார்."

"கீழ எழுத்து இருக்குல்ல? படிச்சுக்கட்டும்."

கீழே இருந்த எழுத்து இதுதான்: 'காய்ச்சலா? கவலை வேண்டாம், நாங்கள் இருக்கிறோம்!' மருந்து எத்தனை மணிக்கு ஒரு தடவை என்பதை இதில் எங்கே தேடுவது?

"முகத்துல சிரிப்பு நல்லா இருக்கும்மா. அது போதும். சாயங்காலத்துக்குள்ள ஏத்திடு."

கைகள் மறைவது தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் ஏற்றினேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

மூன்றாம் நாள் சாப்பாட்டு மேஜையில் அண்ணி தன் போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து வீடியோவை ஓடவிட்டார். முடிந்ததும் ஒரு துண்டை எடுத்துத் தன் கைகள் மேல் போட்டுக்கொண்டு, அதற்கு அடியில் ஏதோ பேசினார். துணி அசைந்தது, அவ்வளவுதான். அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

அண்ணி துண்டை உதறினார். "என்ன சொன்னேன், சொல்லு."

"தெரியல அண்ணி."

"இதைப் பார்த்துட்டுத்தான் அனுப்பினியா?"

தலையாட்டினேன்.

"என் பள்ளிக்கூடத்துப் பையனோட அம்மா இதை அனுப்பியிருக்காங்க. அவங்களுக்கும் காது கேக்காது. 'எனக்குத்தான் புரியலையா டீச்சர்?'னு கேக்கறாங்க. தப்பு தன் மேலன்னு நினைச்சிட்டாங்க!" அண்ணி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நாளைக்கு உன் ஆபீஸுக்கு வர்றேன். நீதான் மொழிபெயர்க்கணும். ஒரு வார்த்தை குறையக் கூடாது."

மறுநாள் அண்ணியும் அவரோடு வேலை பார்க்கும், காது கேளாத டீச்சர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். மேனேஜர், "வாங்க, உட்காருங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பிறகு என்னைப் பார்த்தே பேசத் தொடங்கினார். அண்ணி மேஜையைத் தட்டித் தன் முகத்தைக் காட்டினார்: என்னைப் பாருங்க.

மொழிபெயர்ப்பவர் 'அவங்க சொல்றாங்க' என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும்.

"நான் உங்க பொம்மை இல்ல" என்றேன். "என் முகத்தைக் காட்டி, இவங்களுக்கும் செஞ்சுட்டோம்னு பேர் வாங்கிக்கிட்டீங்க. நான் சொன்னதைப் புதைச்சுட்டீங்க. டாக்டர் பேசும்போது சத்தத்தை அணைச்சுட்டு, சிரிப்பு நல்லா இருக்குன்னு போடுவீங்களா?"

"ஏம்மா, யார்கிட்ட பேசறேன்னு தெரியுதா?"

"நான் பேசல சார். அவங்கதான் பேசறாங்க."

அவர் தணிந்தார். "வேணும்னு செய்யல. டெம்ப்ளேட் அப்படி."

அதைச் சைகையில் சொன்னேன். அண்ணி என்னைச் சுட்டிக் காட்டினார். அடுத்து வந்ததையும் நான் என் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது.

"டெம்ப்ளேட் தானா முளைக்கல. அதைச் செஞ்சவ இதோ உட்கார்ந்திருக்கா. எங்க வீட்டுப் பொண்ணு, சைகை தெரிஞ்சவ. கை மறையுதுன்னு தெரிஞ்சும் அனுப்பியிருக்கா. அவளே இப்படின்னா, உங்களைச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

ஒரு வார்த்தைகூட நான் குறைக்கவில்லை.

அண்ணி கேட்டது இரண்டே விஷயம். ஏற்றிய பத்தையும் இன்றைக்கே நீக்க வேண்டும். இனிமேல் செய்வதைக் காது கேளாத ஒருவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் வெளியிட வேண்டும். இரண்டும் எழுத்தில் வேண்டும்.

"மேலிடத்துல கேக்கணும்."

"கேளுங்க. நாங்க இங்கேயே இருக்கோம்."

மூன்று பேரும் அசையவில்லை. மேலிடத்துக்குப் போன மேனேஜர் இரண்டு மணி நேரம் கழித்துக் கையெழுத்துப் போட்ட தாளோடு வந்தார்.

புது டெம்ப்ளேட்டில் ஆள் இடுப்பு வரை தெரிவார். லோகோ மேல் மூலையில் சின்னதாக. சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆகிறதோ அவ்வளவு நேரம் வீடியோ ஓடும். அண்ணியோடு வந்த டீச்சர் ஒருவர் புது வீடியோக்களைப் பார்த்து இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். பின்னால் ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது, எழுத்து முழங்கையை மறைத்தது. மாதாந்தரக் கூட்டத்தில் மேனேஜர் "இது நம்ம பிரிவோட யோசனை" என்று கூசாமல் சொல்லிக் கைதட்டு வாங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணி இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அண்ணனிடம்தான் கேட்பார். நான் சமாதானம் பேசப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

பழைய வீடியோவை ஊரெல்லாம் இறக்கிவைத்துக்கொண்டு இன்னமும் பகிர்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் எழுதி அதை நீக்கச் சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பதில் போட்டிருந்தார்: 'ஏன் எடுக்கணும்? பார்க்க அழகா இருக்கே.'

என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்த அண்ணி, "நகரு" என்று சைகை காட்டி என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த ஆளுக்குப் பதிலை அவரே எழுதினார். நீளமாக எழுதினார்.