படுத்துப் பார்த்த வீடு

“இங்க எங்க படுக்கலாம்?” என்று டீச்சர் கேட்டார்.

வீட்டுக்காரியான பல் டாக்டரம்மா, மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்தபடி அவரை மேலும் கீழும் பார்த்தார். வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் வருமா, கூரை ஒழுகுமா, பக்கத்து வீட்டில் சண்டை சச்சரவு உண்டா என்று கேட்பார்கள். வாசற்படி தாண்டியதுமே படுக்க இடம் கேட்டவர் இவர் ஒருத்தர்தான்.

“படுக்கவா? உடம்பு சரியில்லையா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்,” என்று தரகர் குறுக்கே பாய்ந்தார். “மாம்பழம் வாங்கறவங்க மோந்து பாக்கறதில்லையா? அந்த மாதிரி, அம்மா படுத்துப் பாத்துத்தான் வீடு வாங்குவாங்க.” இந்தத் தரகர் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே பக்கத்துத் தொட்டிலை யாருக்காவது பேசி முடித்திருப்பார். அப்பேர்ப்பட்ட வாய்.

டீச்சரின் கணவர், ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக், வழக்கம்போலத் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அவருக்குச் செருப்பில் பார்க்க ஏதாவது கிடைத்துவிடும்.

விஷயம் இதுதான். டீச்சருக்குத் தூக்கம் போய்விட்டது. ஒன்றாம் வகுப்புக்கு ஆயுசெல்லாம் பாடம் நடத்தியவர் அவர். குடியிருந்ததோ பஸ் டிப்போவுக்குப் பின்னால். விடியுமுன் பஸ்களெல்லாம் தொண்டையைச் செருமிக்கொண்டு கிளம்பும். ஜன்னல் கம்பி நடுங்கும். அலமாரிப் பாத்திரங்கள் தாமாகவே இடம் மாறி உட்காரும். டீச்சர் மட்டும் அடித்துப் போட்டமாதிரி தூங்குவார். ஓய்வு பெற்றதும் மகன் பார்த்துச் சொன்னான் என்று, கையிருப்பையெல்லாம் போட்டு ஊருக்கு வெளியே பத்தொன்பதாவது மாடியில் ஒரு ஃபிளாட் வாங்கினார்கள். அங்கே அப்படி ஒரு அமைதி. ஈ ஒன்று பறந்தால் அது மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். முதல் நாளே டீச்சர் கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி மூடவே இல்லை.

பால் குடித்தார். நடந்தார். தலைக்கு எண்ணெய், காலுக்கு வெந்நீர், டாக்டர் கொடுத்த மாத்திரை, அடுத்த டாக்டர் கொடுத்த வேறு மாத்திரை. அலமாரியில் மருந்துப் பாட்டில்கள் எல்லாம் நிம்மதியாகத் தூங்கின, சாப்பிட்டவர்தான் தூங்கவில்லை. மெக்கானிக் ஆரம்பத்தில் வேடிக்கையாகத்தான் பேசினார். ஒருநாள் டீச்சர் காய்கறி வாங்கப் போன இடத்திலிருந்து போன் செய்து, “என்னங்க, நம்ம பிளாக் பேர் என்ன?” என்று சின்னக் குரலில் கேட்டார். வேடிக்கை அன்றோடு நின்றது. வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, “நான் சோப்பு மாதிரி கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சுகிட்டு வர்றேங்க,” என்றார். அவரோ நாற்பது குழந்தைகளின் பெயரையும், அந்தக் குழந்தைகளின் தண்ணீர் பாட்டில் நிறத்தையும் ஒரே பார்வையில் மனப்பாடம் செய்தவர். மெக்கானிக்குக் கை கால் ஓடவில்லை. அறுந்த கம்பி, எரிந்த மோட்டார் என்றால் கழற்றிப் பார்க்கலாம். மனைவியின் தூக்கத்தை எந்தத் திருகாணியில் பிடித்துக் கழற்றுவது?

அப்புறம்தான் ஒருநாள், ஏதோ வேலையாக ‘மதிலுக்குள்’ வந்தபோது, நெரிசலான தெருவில் ஒரு கல்பெஞ்சில் உட்கார்ந்தபடியே டீச்சர் கண்ணயர்ந்தார். இரண்டு சிமிட்டு நேரம்தான். பறவை விரட்டுகிற மாதிரி ஒரு ஐஸ்கிரீம் வண்டிக்காரர் மணியடித்துக் கெடுத்தார். ஆனால் மெக்கானிக் பார்த்துவிட்டார். அன்றைக்கே முடிவு செய்தார்: குடித்தனம் இனி மதிலுக்குள்தான்.

நகரத்தின் பழைய பகுதிக்குத்தான் மதிலுக்குள் என்று பேர். மதில் இடிந்து மண்ணாகி எத்தனையோ காலம். பேர் மட்டும் இடியவில்லை. ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்கும் ஒல்லி வீடுகள். வாசல் ஒவ்வொன்றிலும் ‘பாரம்பரியக் கட்டடம்’ என்று நகராட்சி நீலத் தகடு அடித்துவிட்டது. ஆணி அடிக்கவும் அனுமதி கேட்க வேண்டும், தும்முவதற்கு மட்டும் இன்னும் கேட்கத் தேவையில்லை. பழைய ஆட்கள் ஒவ்வொருவராக விற்றுவிட்டுப் போக, வந்ததெல்லாம் காபிக்கடை. அந்தக் காபிக்கடைகளுக்கு ஒரு விசித்திர ஆசை, பழைய போர்டைக் கழற்றுவதில்லை. ‘சலவை நிலையம்’ என்று போர்டு, உள்ளே கேக். ‘குடை ரிப்பேர்’ என்று போர்டு, அங்கேயும் உள்ளே கேக். ஒரு பெரியவர் இன்னமும் அழுக்கு மூட்டையோடு சலவை நிலையத்துக்கு வந்து, வரிசையில் நின்று, கோபத்தோடு ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்புவாராம்.

இங்கே ஏற்கனவே மூன்று வீடு படுத்துப் பார்த்தாகிவிட்டது. முதல் வீட்டில் டீச்சர் மயங்கி விழுந்துவிட்டதாக நினைத்து வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். இரண்டாவது வீட்டில் இரண்டு பூனைகள் வந்து அவர் வயிற்றில் ஏறிப் படுத்தன, பூனைகள் தூங்கின. மூன்றாவது வீட்டுக்காரர், “இங்க தூக்கம் எப்படி வருது பாருங்க!” என்று தானே பாய் விரித்துப் படுத்துக் காட்டப்போக, அவருக்கு வந்துவிட்டது. எழுப்ப மனசில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்கள்.

“மேல கட்டிலெல்லாம் கழட்டியாச்சு,” என்றார் டாக்டரம்மா. முழங்கால் மாடிப்படியோடு சண்டை போட்டுக்கொண்டதால் தங்கை வீட்டுக்குப் போகிறார் அவர். “தரையெல்லாம் பெட்டி. படுக்கணும்னா இதோ, இதுதான் இருக்கு.”

கீழ் அறையின் நடுவே, ஜன்னலைப் பார்த்தபடி, பச்சை நிறத்தில் சாய்ந்து கிடந்தது பல் பிடுங்கும் நாற்காலி.

அதைப் பார்த்ததுமே தரகர் தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். டீச்சரோ கைப்பையைக் கணவரிடம் கொடுத்தார், ஏறினார், சாய்ந்தார். பக்கத்துக் கடையில் சாவி அராவும் ஓசை க்ரீச் க்ரீச்சென்று வந்தது. பின்சுவருக்கு அப்பால் யாரோ ஆர்மோனியத்தில் ஒரே வரியைப் பிடித்து அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். சுற்றுலாக்காரர்களின் சக்கரப் பெட்டிகள் கருங்கல் தெருவில் கடகடவென்று உருண்டன. பள்ளிக்கூடம் விட்டுவிட்டது போல. ஒரு படையே கத்திக்கொண்டு போனது.

“ஆர்மோனியம் கொஞ்சம் தொந்தரவுதான்,” என்று டாக்டரம்மா தொடங்கினார். “நான் எத்தனையோ தடவ...”

மெக்கானிக் கையை உயர்த்தினார். அவர் யாரையும் இப்படி நிறுத்தியதே கிடையாது.

டீச்சரின் வாய் மெல்லத் திறந்தது. முதலில் ஒரு சின்னச் சீட்டி. அப்புறம் ஒரு முனகல். அப்புறம் வந்ததே ஒரு குறட்டை! பாரம் ஏற்றிய பழைய லிஃப்ட் போல அடித்தளத்திலிருந்து கிளம்பி, ஒவ்வொரு மாடியாக ஏறி, உச்சியில் ஒரு கணம் தொங்கி நின்று, நிம்மதியாக இறங்கியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது என்று தரகர் பிற்பாடு ஊரெல்லாம் சொன்னார். நீலத் தகடு ஆடியது என்றும் சொன்னார். மெக்கானிக்குக் கண்ணாடியும் தெரியவில்லை, தகடும் தெரியவில்லை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அவர் மூக்கு நுனி சிவந்துபோயிருந்தது.

“இந்த நாற்காலில யாரும் தானா ஏறினதே கிடையாது,” என்று டாக்டரம்மா கிசுகிசுத்தார். “நாலு பேர விட்டுப் பிடிச்சு உக்கார வச்சிருக்கேன். ஒரு போலீஸ்காரர் ஜன்னல் வழியா குதிச்சிருக்கார். இவங்க தூங்கறாங்களே!”

எழுப்பக் கூடாது என்று மூவரும் வெளி அறைக்கு வந்து, நோயாளிகள் காத்திருக்கும் நீளப் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நேரம் போயிற்று. குறட்டை போகவில்லை. தரகர் பேசாமல் இருந்து இருந்து கரையில் போட்ட மீனாகத் துடித்தார். கடைசியில் மெக்கானிக்கின் காதோடு சொன்னார்: “சார், நாலு மணிக்கு இந்த வீட்டக் கேக்கற காபிக்கடைப் பொண்ணு அளவெடுக்க வருது. குடை ரிப்பேர் கடை அவங்களுதுதான். இன்னிக்கே முடிக்கறேன்னு டாக்டரே சொல்லியிருக்காங்க. நீங்க அதுக்குள்ள விலையைப் பேசிடணும்.”

மெக்கானிக்குக் குப்பென்று வியர்த்தது. அவருக்குப் பேரம் பேச வராது. கடைக்காரர் நூறு சொன்னால் நூற்றுப்பத்து கொடுத்துவிட்டு மன்னிப்பும் கேட்டுவிட்டு வருகிற ஜன்மம். குடும்பத்தில் பேரம் முழுக்க டீச்சர் இலாகா. ஒரு பார்வை பார்த்தாரென்றால் வியாபாரி வீட்டுப்பாடம் எழுதாத பையனாகிவிடுவான்.

“என்ன தர்றீங்க?” என்றார் டாக்டரம்மா.

“அவதான் பேசுவா.”

“அவங்க தூங்கறாங்களே.”

“அதான்.”

“எழுப்பிடலாமா சார்?” என்று தரகர் பாதி எழுந்தார். மெக்கானிக் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். எழுப்பினால் டீச்சர் பேசுவார், வீடு கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால் எழுப்ப வேண்டும். கன்னத்தில் ஒரு ஓரம் கசங்கி, கை ஒன்று நாற்காலிக்கு வெளியே தொங்க, முகத்தில் இருந்த சுளிப்பெல்லாம் போய், பார்க்க டிப்போ வீட்டுக்கு முதன்முதலாக வந்த பெண் மாதிரி இருந்தார். தோளைத் தொட்டு உலுக்க இந்தக் கைக்கு எப்படி மனசு வரும்?

“டாக்டரம்மா,” என்றார் கடைசியில். “ஃபிளாட்டை வித்தா வர்றதுதான் எங்ககிட்ட இருக்கு. காபிக்கடைக்காரங்க தர்றதுல முக்கால்வாசி வந்தாலே பெரிசு. பேரம் பேச எனக்குத் தெரியாது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவ எழுந்திரிக்கற வரைக்கும் யாருக்கும் வித்துடாதீங்க.”

“எழுந்ததுக்கு அப்புறம்?”

“அப்புறம் அவ உங்களப் பாத்துக்குவா.”

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரிக்கப் போய், தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டார். “அந்தப் பொண்ணு நாற்காலிய அப்படியே வச்சுக்குமாம்,” என்றார் மெதுவாக. “கடைக்குப் பேரே பல் டாக்டர்தானாம். இனிப்பு திங்காதீங்க, திங்காதீங்கன்னு தொண்டை கிழியக் கத்தின இடத்துல, அதே நாற்காலில உக்காந்து கேக் திம்பாங்க. ஆனா தங்கச்சி வீட்ல சும்மா போய் உக்கார முடியுமா, சொல்லுங்க? எனக்கும் கையில நாலு காசு வேணுமில்ல.”

மெக்கானிக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

கதவு தட்டும் ஓசை கேட்டதும் மூவரும் சேர்ந்து பாய்ந்தார்கள். வாசலில் காபிக்கடைப் பெண் நின்றாள். தோளில் பை, கையில் அளவு நாடா. டாக்டரம்மா உதட்டில் விரல் வைத்து, “உள்ள பேஷண்ட் இருக்காங்க,” என்றார்.

“நீங்க பிராக்டிஸை விட்டுட்டீங்கல்ல?”

பதில் உள்ளேயிருந்து குறட்டையாக வந்தது. அவள் தலையை நீட்டிப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். “இப்படிக்கூடத் தூங்க முடியுமா?” என்றாள், பொறாமையா என்னவோ, தெரியவில்லை. குனிந்து குதி உயர்ந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். “ஆனா நான் இன்னிக்கு அளவெடுத்தே ஆகணும் டாக்டர். சத்தம் போடாம எடுத்துக்கறேன். யாராவது ஒரு பக்கம் பிடிச்சாப் போதும்.”

தரகர் உள்ளே வந்தால் பேசிவிடுவார். டாக்டரம்மாவுக்குக் குனிய முடியாது. மெக்கானிக் கையை நீட்டினார்.

இரும்பு நாடாவின் நுனியை ஜன்னலோரச் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் மண்டியிட்டார். அவள் நாடா டப்பாவோடு மறுகோடிவரை பின்னோக்கி நடந்தாள். நாடா டீச்சரின் தொங்கும் கையைத் தாண்டி, நாற்காலிக் காலை ஒட்டி நீண்டது. அவள் எண்ணைக் குறித்துக்கொண்டு தலையசைத்தாள். அவர் விடவில்லை. விட்டால் சவுக்கடி போலச் சடாரென்று டப்பாவுக்குள் ஓடுகிற சாமான் அது. அவளுக்கும் அது தெரிந்திருந்தது. கட்டைவிரலால் நாடாவை அமுக்கியபடி ஒரு அடி முன்னால் வைத்தாள். அவரும் நுனியைப் பிடித்தபடி எழுந்து ஒரு அடி வந்தார். சாவிக்கடை அராவியது, ஆர்மோனியம் அதே வரிக்குத் திரும்பியது, நாடா விரற்கடை விரற்கடையாக டப்பாவுக்குள் போயிற்று. இன்னும் ஒரு முழம் இருந்தபோது டீச்சர் புரண்டு ஒருக்களித்தார். இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள், நாடா நடுவில் நடுங்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு.