செவ்வாய்க்கிழமைக் காசு

மீன் கழுவிய ஈரக்கையோடு யோகமலர் தொலைபேசியை எடுத்தாள்.

"அக்கா, நான்தான்," என்றது ஆண்குரல். பெயர் சொல்லவில்லை. பங்குனி மாதத்திலிருந்து நாலு தடவை இந்தக் குரல் அவளோடு கதைத்திருக்கிறது. ஒருதரமும் பெயர் சொன்னதில்லை. நல்ல மரியாதையான குரல். அந்த மரியாதைக்குத்தான் அவள் பயந்தாள்.

"ஆள் வந்திட்டா அக்கா. மொன்றியலிலை எங்கடை பெடியளின்ரை அறையிலை சுகமா இருக்கிறா. ஆறு மணிக்கு எடுக்கிறன். எங்கை வரவேணுமெண்டு அப்ப சொல்லுறன். காசைக் கொண்டு வாங்கோ."

"இண்டைக்கோ?"

"இண்டைக்குத்தான். ஏன், காசு கையிலை இருக்குத்தானே?"

"ஓம்."

வைத்துவிட்டான். அந்த ஓமைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்கு உடனேயே தெரிந்தது. பதினாலாயிரம் டொலர் அவள் கையில் இல்லை. அது வங்கியில் இருந்தது. சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தாள். 1998 யூலை முப்பத்தொன்று, வெள்ளி. மணி ஒன்று நாற்பது. வாற திங்கள் விடுமுறை என்று கட்டம் சிவப்பாக இருந்தது.

வந்திறங்கிய ஆள் அன்ரனெற். யோகமலர் குடியிருந்த வோபர்ன் மாடிக் கட்டடத்தில் இரண்டு மாடி மேலே இருக்கும் கிறிஸ்ரினாவின் தங்கச்சி. ஆட்களைக் கள்ளமாக நாட்டுக்குள் கொண்டுவரும் ஏஜென்சி மூலம் சொந்தக்காரரைக் கூப்பிடுகிறவர்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. காசைக் கூப்பிடுகிறவரும் வைத்திருக்க மாட்டார், ஏஜென்சிக்காரனும் முன்கூட்டி வாங்க மாட்டான். இரண்டு பக்கமும் நம்புகிற ஒரு மூன்றாம் ஆளின் கையில் காசு இருக்கும். ஆள் கனடா மண்ணில் காலை வைத்ததும் காசு கைமாறும், கதவு திறக்கும். எழுத்தில்லை, ஒப்பமில்லை. எல்லாம் அந்த மூன்றாம் ஆளின் பெயரில்தான் நிற்கும்.

யோகமலர் அப்படிப்பட்ட பெயர் எடுத்தவள். பாண் பக்டரியில் பக்கத்தில் நிற்கிறவளோடுகூட எட்டு மணித்தியாலம் கதைக்காமல் வேலை செய்வாள். "எங்கடை அக்கான்ரை வாயிலையிருந்து ஒரு சொல்லு எடுக்க இமிக்கிரேசன் ஒபிசரே களைச்சுப்போனவனாம்," என்று கிறிஸ்ரினா பகிடி விடுவாள். அந்த நம்பிக்கையில்தான் இரண்டு வேலை செய்து சேர்த்த காசைப் பங்குனியில் ஒரு பழைய சப்பாத்துப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து தந்தாள்.

முதல் இரண்டு கிழமையும் பெட்டி உடுப்பு அலுமாரிக்குள் இருந்தது. யோகமலருக்கு நித்திரை வரவில்லை. கட்டடத்தில் தீ எச்சரிக்கை மணி அடிக்கும்போதெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியால் இறங்கினாள். மூன்றாவது தடவை இறங்கியபோது அதைக் கொண்டுபோய் அஜின்கோர்ட்டிலுள்ள வங்கியில் கொடுத்தாள்.

அங்கே சுபாங்கி என்ற தமிழ்ப்பிள்ளை வேலை செய்தாள். பொறுமையான பிள்ளை. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு கீறினாள். ஒரு பக்கம் கூடின வட்டிச் சேமிப்புக் கணக்கு. மற்றப் பக்கம் மணி மார்க்கற்.

"சேமிப்பு எண்டால் மூண்டரை வீதம், அன்ரி. வைப்புக்கு அரசாங்கக் காப்புறுதி இருக்கு. மணி மார்க்கற் நாலரை வருது. ஆனா அது ஒரு ஃபண்ட். காப்புறுதி இல்லை."

"அப்ப காசு போயிடுமோ?"

"போகாது. ஷோர்ட் ரேம் கவர்ன்மென்ற் பேப்பரிலை, அரசாங்கக் கடன்பத்திரத்திலைதான் போடுவினம். ஸேஃப்தான். ஒரு யூனிற் பத்து டொலர், அது அப்பிடியே நிக்கும்."

"பாங்க் முறிஞ்சால்?"

"முறியாது, அன்ரி."

"சண்டை கிண்டை வந்தால்?"

சுபாங்கி சிரித்துவிட்டாள். "கனடாவிலையோ?"

யோகமலர் சிரிக்கவில்லை. காசு எரிந்துபோகுமா, களவுபோகுமா, அரசாங்கம் எடுத்துவிடுமா என்று மூன்று விதமாக மாற்றி மாற்றிக் கேட்டாள். அவளுக்குத் தெரிந்த பயம் அவ்வளவும் காசு இல்லாமல் போகிற பயம். காசு இருந்தும் கைக்கு வராமல் நிற்கும் என்று ஒரு பயம் இருப்பது அவளுக்குத் தெரியாது. எத்தனை நாளில் திருப்பி எடுக்கலாம் என்று அவள் கேட்கவில்லை. சுபாங்கி சொல்லியும் இருக்கலாம். அந்த நேரம் யோகமலர் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மாதம் கிடந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் நாற்பத்தேழு டொலர். மணி மார்க்கற்றிலேயே போடச் சொன்னாள். முழு வட்டியையும் கிறிஸ்ரினாவிடம் கொடுப்பேன் என்றுதான் நினைத்தாள். பஸ்ஸில் வரும்போது, கிறிஸ்ரினாவுக்கு வட்டி என்று ஒன்று இருப்பதே தெரியாதே என்றும் நினைத்தாள்.

இப்போது அதே பஸ்ஸில், குளிரூட்டி வேலை செய்யாத வெக்கையில், எழுந்து நின்றபடி போனாள். இருக்க இடம் இருந்தது. இருக்க முடியவில்லை.

வங்கியில் சுபாங்கி திரையைப் பார்த்தாள். பிறகு நாட்காட்டியைப் பார்த்தாள்.

"இப்ப யூனிற்றுகளை விக்கச் சொல்லிப் போடுறன், அன்ரி. நெக்ஸ்ற் பிஸ்னஸ் டே காசு வரும்."

"நாளைக்கோ?"

"நாளைக்குச் சனி. திங்கள் ஹொலிடே. செவ்வாய் காலமை."

"இண்டைக்கு ஆறு மணிக்கு வேணும், பிள்ளை."

"அன்ரி, சேமிப்புக் கணக்கிலை இருந்திருந்தா இப்பவே எண்ணித் தந்திருப்பன். இது அப்பிடியில்லை." குரலைத் தாழ்த்தினாள். "என்ன, ஆசுபத்திரியோ? ஆருக்கும் ஏதுமோ?"

யோகமலர் இல்லை என்று தலையாட்டினாள். சுபாங்கி மேலாளரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினாள். யோகமலரின் சொந்தக் கணக்கில் அறுநூற்றுப் பத்து டொலர் இருந்தது. அவளுடைய புருசன் லொறியோடு கல்கரிப் பக்கம் போயிருந்தான். புதனுக்கு முன் வரமாட்டான்.

கிறிஸ்ரினா லோரன்ஸ் வீதியில் ஒரு கோப்பிக்கடையில் வேலைக்கு நின்றாள். யோகமலர் உள்ளே வந்ததைக் கண்டதும் அவளுடைய முகம் மலர்ந்தது.

"அக்கா! கோப்பி குடிக்க வந்தனீங்களோ? இண்டைக்கு மழைதான் வரப்போகுது."

"அன்ரனெற் வந்திட்டாளாம்."

கிறிஸ்ரினா கையிலிருந்த துணியை வாயில் பொத்திக்கொண்டாள். கண் நிரம்பியது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு மீதியைச் சொல்லவேண்டியிருந்தது. யோகமலர் சொன்னாள். வாழ்க்கையில் அவள் ஒரே மூச்சில் அவ்வளவு கதைத்ததில்லை. மணி மார்க்கற், சேமிப்பு, வீதம், வெள்ளி, செவ்வாய். சொல்லச் சொல்ல அது காரணமாக இல்லாமல் சாட்டாகக் கேட்டது.

"பெட்டியிலை இல்லையோ?" என்றாள் கிறிஸ்ரினா.

"இல்லை."

"நான் பெட்டியிலை எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்." பிறகு மெல்ல, "அக்கா, அவளைப் பூட்டி வைச்சிருக்கிறாங்கள். உங்களுக்கு விளங்குதோ?"

விளங்கியது. ஒன்பது மாதத்துக்கு முன் தெரிந்த ஒரு பெண்ணை இப்படிக் காசு பிந்தியதால் மூன்று வீடு மாற்றி வைத்திருந்தார்கள். அவள் வந்தபிறகு அந்த வீடுகளைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பொலிசுக்குப் போகவும் பயம். அன்ரனெற் வேறொருத்தியின் பாஸ்போட்டில் வந்தவள். திருப்பி அனுப்பினால் கொழும்பில் விமானத்தால் இறங்கிய இடத்திலேயே பிடிப்பார்கள்.

கிறிஸ்ரினா கடையின் பின்பக்கம் போய்ச் சொந்தக்காரருக்கெல்லாம் தொலைபேசி எடுத்தாள். ஐந்தரை மணிவரை எடுத்தும் இரண்டாயிரத்து முந்நூறு டொலர்தான் தருவதாகச் சொல் கிடைத்தது.

ஆறு மணிக்கு யோகமலர் வீட்டில் மணி அடித்ததும் கிறிஸ்ரினாதான் பாய்ந்து எடுத்தாள். "தம்பி, நான் அன்ரனெற்றின்ரை அக்கா."

"உங்களோடை எனக்குக் கதையில்லை," என்ற குரல் பக்கத்தில் நின்ற யோகமலருக்கும் கேட்டது. "காசு வைச்சிருக்கிறவவோடை கதைக்கிறதுதான் ஒழுங்கு. அவவிட்டைக் குடுங்கோ."

யோகமலர் வாங்கினாள். "காசு பாங்கிலை. செவ்வாய்தான் வரும்."

அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு தொலைக்காட்சியில் சனம் கைதட்டுகிற சத்தம்.

"பாங்கிலை போட்டு வட்டி எடுத்தனீங்களோ அக்கா?" அவன் சிரித்தான். "எத்தினை வீதம்? எங்களுக்கும் சொல்லுங்கோவன், நாங்களும் போடுவம்."

"தம்பி, பிழை என்ரை. அந்தப் பிள்ளையை விடுங்கோ. செவ்வாய் ஒரு சதம் குறையாமல் தருவன்."

"செவ்வாய் பன்னிரண்டு மணி. நாளுக்கு நூறு டொலர் சாப்பாட்டுச் செலவு, நாலு நாள். ஆனா அந்த அறை எனக்கு வேறை ஆக்களுக்கு வேணும். இவவை மாத்தவேண்டி வரும்."

"எங்கை?"

"அதை நான் இன்னும் யோசிக்கேல்லை."

"ஒருக்கா அவளோடை கதைக்க விடுங்கோ."

"காசு வந்தாப்பிறகு கதைக்கலாம், அக்கா. பயப்பிடாதேங்கோ," என்று வைத்தான்.

அந்த மூன்று நாளும் கிறிஸ்ரினா தன் வீட்டுக்குப் போகவில்லை. தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுச் செபமாலையோடு இருந்தாள். யோகமலர் சோறு போட்டுக் கொடுத்தால் வாங்கிப் பக்கத்தில் வைப்பாள். ஆறியபிறகு யோகமலரே எடுத்துப்போவாள். ஒருதரமாவது ஏசினால் நல்லது என்று இருந்தது. கிறிஸ்ரினா ஏசவில்லை. ஞாயிறு பின்னேரம் மட்டும் தலையைத் திருப்பாமல் கேட்டாள்:

"இருட்டெண்டால் அவளுக்குப் பயம். அந்த அறையிலை யன்னல் இருக்குமோ அக்கா?"

"இருக்கும்," என்றாள் யோகமலர். அவளுக்கு எப்படித் தெரியும்? நிச்சயமில்லாததை இருக்கு என்று சொன்னது வெள்ளிக்கிழமையிலிருந்து இது இரண்டாவது தடவை.

தனியாக இருக்கும்போது அவள் மனம் சுபாங்கி கீறிய கோட்டில் போய் நின்றது. இந்தப் பக்கம் வைத்திருந்தால் அன்ரனெற் இந்நேரம் மேல்மாடியில் அக்காவின் கட்டிலில் படுத்திருப்பாள். அந்தப் பக்கம் வைத்ததால் எங்கேயோ, யாரோ பூட்டிய கதவுக்குப் பின்னால். பேராசை என்று சொல்லவும் முடியாத சின்ன ஆசை. அவ்வளவு சின்னதாக இருந்ததுதான் அவளை அதிகம் பயப்படுத்தியது.

செவ்வாய் காலை வங்கி திறக்குமுன் இருவரும் வாசலில் நின்றார்கள். காசு வந்திருந்தது. சுபாங்கி அதை உள்ளறையில் வைத்து எண்ணித் தந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நானூறையும் யோகமலர் தன் கணக்கிலிருந்து எடுத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு, அவன் சொன்னபடி, மில்லிக்கனில் ஒரு பிளாசாவின் கார்த் தரிப்பிடம். வந்தவன் பழைய கொரோலாவில் வந்தான். பின்சீற்றில் குழந்தை இருக்கை. கண்ணாடி போட்ட, தலை நரைக்கத் தொடங்கிய ஆள். கோயிலில் கண்டால் யோகமலர் மரியாதையோடு வழிவிட்டு நிற்பாள். காருக்குள் இருந்தபடி அவசரமில்லாமல் எண்ணினான்.

"வணக்கம் அக்கா. சரியா இருக்கு."

இறங்கித் தெருவோரத் தொலைபேசிக் கூண்டுக்குள் போய் யாருக்கோ இரண்டு சொல்லும் அந்தக் கூண்டின் இலக்கமும் சொல்லி வைத்தான். கொஞ்ச நேரத்தில் அது மணி அடித்ததும் கிறிஸ்ரினாவைக் கைகாட்டிக் கூப்பிட்டு றிசீவரைக் கொடுத்துவிட்டு, காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

யோகமலர் கூண்டுக்கு வெளியே நின்றாள். கண்ணாடிக் கதவு மூடியிருந்தது. ஸ்ரீல்ஸ் வீதியில் லொறிகள் இரைந்தன. கிறிஸ்ரினாவின் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. ஒருதரம் நெற்றியைக் கண்ணாடியில் வைத்தாள். ஒருதரம் வாயைப் பொத்தினாள். அது அழுகையா, வேறென்னவா? அன்ரனெற்தான் கதைக்கிறாளா, அல்லது அன்ரனெற் இல்லை என்று வேறு யாரோ சொல்கிறார்களா? யோகமலர் கதவைத் திறக்கக் கையை வைத்தாள். திறக்கும் உரிமை தனக்கில்லை என்று தோன்றியது. கையை எடுத்தாள்.

கிறிஸ்ரினா வெளியே வந்தாள். முகம் முழுக்க ஈரம்.

"தெருவிலை விட்டிட்டினமாம். ஒரு கடைக்காரன் போன் தந்திருக்கிறான். மொன்றியலிலையிருந்து இரவு பஸ்ஸிலை வாறாள்."

"ஒண்டும் செய்யேல்லையே? சுகமோ?"

"கேட்டனான். வந்து சொல்லுறன் எண்டாள்."

யோகமலர் பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்தாள். முழு வட்டியும் அதற்குள் இருந்தது, நேர்த்தியாக மடித்திருந்தாள். நீட்டினாள். கிறிஸ்ரினா அதை வாங்கவும் இல்லை, தட்டவும் இல்லை. அது என்னவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நீங்கள் பஸ்ஸிலை போங்கோ அக்கா," என்றாள். "நான் நடந்து வாறன்."

வோபர்னுக்கு அங்கிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் நடக்கவேண்டும். கிறிஸ்ரினா வெயிலில் தெற்கு நோக்கி நடக்கத் தொடங்கினாள். யோகமலர் உறையைப் பிடித்தபடி பஸ் தரிப்பிடத்தில் நின்றாள். பஸ் வந்தது. ஏறினால் நடந்துபோகிற கிறிஸ்ரினாவைக் கடந்து போகவேண்டும். சாரதி கதவைத் திறந்து ஒரு கணம் பார்த்துவிட்டு மூடினான்.