முற்றத்தில் ஏவுகணை

பக்கத்து நாடு தடை போட்டதிலிருந்து இரும்பு வரவில்லை. அதனால் ஏவுகணையைத் தச்சர் மரத்தில் செய்தார். சாம்பல் நிறம் அடித்தார். அது அவர் வீட்டு முற்றத்தில், துணி காயப்போடும் கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றது. அணிவகுப்புக்கு மட்டும் வெளியே போய்வரும். வேலையை வாங்கிக் கொடுத்தவர், தச்சரின் மனைவிக்கு அண்ணன், படையில் கர்னல்.

வானத்திலிருந்து எடுத்த படத்தில் அது கம்பீரமாகத் தெரிந்தது. பக்கத்து நாட்டுச் சபை கூடியது. தடையை இறுக்கினால் போதும் என்றது ஒரு கட்சி. குண்டு போட்டால்தான் அடங்குவார்கள் என்றது மற்றொன்று. தச்சரின் மனைவி எல்லாவற்றையும் வானொலியில் கேட்டாள். அவளுக்கு இருந்தது ஒரே வீடு.

கர்னல் வந்ததும், ஏவுகணையை வேறெங்காவது கொண்டுபோகச் சொன்னாள். நகர்த்தினால் பயந்துவிட்டதாக நினைப்பார்கள் என்றார் அவர்.

"அப்ப மரம்னு சொல்லிடுங்கண்ணே."

"சொன்னா என்னைச் சுட்டுருவாங்க."

"சொல்லலேன்னா எங்க வீடு போயிடும்."

கர்னல் யோசித்தார். "மாப்பிள்ளை, இன்னொரு தடவை பெயின்ட் அடிங்க."

சபையில் குண்டுக் கட்சி ஜெயித்தது. விமானம் கிளம்பும்போது அவர்களுடைய சுங்க அதிகாரியே ஓடுபாதையில் வந்து நின்றார். குண்டில் இரும்பு இருக்கிறது, வெடிமருந்து இருக்கிறது. இரண்டும் அந்த நாட்டுக்குள் போகக் கூடாது என்றார். எந்த வழியாக என்று சட்டத்தில் இல்லை. விமானம் திரும்பி வந்துவிடும், அதனால் அதற்குத் தடையில்லை. தடையை நீக்கிவிட்டுப் போடலாமே என்றார் தளபதி. நீக்கினால் அவர்கள் இரும்பு வாங்கி இன்னும் நிறைய செய்வார்கள் என்றார் அதிகாரி.

சபை மறுபடி கூடியது. தடையும் இருக்கட்டும், குண்டும் போகட்டும் என்று முடிவானது.

குண்டு காலையில் விழுந்தது. தச்சரும் மனைவியும் கட்டிலுக்கு அடியில் கிடந்தார்கள். சத்தம் கேட்டது, வெடிக்கவில்லை. வெளியே வந்தார்கள். சமையலறைக் கூரை சரிந்திருந்தது. ஏவுகணை இரண்டாகப் பிளந்து கிடந்தது. அதன்மேல், ஒரே மரத்தில் கடைந்த குண்டு, கீறல் இல்லாமல்.

கர்னல் வந்து இரண்டையும் சுற்றிப் பார்த்தார். குண்டைத் தட்டினார்.

"நல்ல மரம். இதுல ஒரு ஏவுகணை வருமா, மாப்பிள்ளை?"

தச்சர் அளவுகோலை எடுத்தார். மனைவி முந்திக்கொண்டாள்.

"வரும்ணே. உங்க வீட்டு முற்றத்துல வெச்சு செய்யறதா இருந்தா."

கர்னல் யோசித்தார். கூரைக்கு எவ்வளவு மரம் பிடிக்கும் என்று கேட்டார்.