பட்டன் போதும்

என் கணவர் ஹிதாயத்துல்லாவுக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. ஆனால் யாருக்கு எந்தக் காபி மெஷின் சரிப்படும் என்று பேச ஆரம்பித்தால் வாய் ஓயாது.

முல்லா வீதியில் எங்கள் வீட்டு மாடி என் அத்தா எனக்கு எழுதிக் கொடுத்தது. அந்த அறைகளில் புதுச்சேரியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைத் தங்கவைத்து, காலையில் நாஷ்டாவும் நல்ல எஸ்பிரஸோவும் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. அவருக்கோ அங்கே தன் தம்பி நுஃமானைக் குடிவைக்க வேண்டும். மாதக்கணக்காகச் சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வந்தோம். ரமலானுக்குள் எனக்கு எஸ்பிரஸோ ஒழுங்காகப் போட வந்துவிட்டால் மாடி என் இஷ்டம். வராவிட்டால் நுஃமான் குடியேறிவிடுவான்.

நேரு வீதிக் கடையில் மூன்று மெஷின்களைக் காட்டினார்கள். முதலாவதில் கொட்டையைக் கொட்டிப் பட்டனை அழுத்தினால் தானே அரைத்து இறக்கிவிடும். இரண்டாவதில் தூளைக் கைப்பிடிக் கிண்ணத்தில் நாமே அமுக்கி மாட்ட வேண்டும். மூன்றாவதில் நெம்புகோலைக் கையாலேயே இழுக்க வேண்டும்.

"மொதல்ல இருக்கறது புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு. நடுவுல இருக்கறதுக்குக் கொஞ்சம் கை பழகணும். கடைசி மெஷின் இதுலயே ஊறுனவங்களுக்கு" என்றார் கடைக்காரர். "போடப் போறது யாரு சார்?"

"இவதான். இவளுக்குப் பட்டன் போதும். அதயே தப்பா அழுத்துவா" என்று சிரித்தார் இவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து விடியற்காலையில் எழுந்து இவருக்குக் காபி ஆற்றிக் கொடுத்த கை இது.

"நடுவுல இருக்கறதக் குடுங்க" என்றேன்.

கடைக்காரர் தூளைப் பற்றி என்னவோ விளக்கினார். அதையும் இவர் முகத்தைப் பார்த்துத்தான் விளக்கினார். நான் மெஷின் பெட்டியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"தூள் என் பொறுப்பு" என்று இவரே முன்வந்தார். இவ்வளவு நல்ல மனுஷனா என்று அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

போட்ட காபியெல்லாம் பாழ். கிண்ணம் அடைத்துக்கொண்டது. ஓரத்தில் கறுப்புத் தண்ணீர் கசிந்து மேடையெல்லாம் வழிந்தது. லேசாக அமுக்கிப் பார்த்தேன், குறைத்துப் போட்டுப் பார்த்தேன், ஒன்றுக்கும் மசியவில்லை. இவர் அடுப்படி வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார். சொந்தக்காரர் கல்யாணத்தில், பந்தியில் உட்கார்ந்துகொண்டே, "பட்டன் மெஷின் வாங்குடின்னேன், கேட்டாளா" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அடுத்த வாரமே நுஃமான் கட்டில் போட மாடியை அளந்துவிட்டுப் போனான்.

தூள் தீர்ந்தது. இவர் அரியாங்குப்பம் போயிருந்ததால் நானே காபித்தூள் கடைக்குப் போனேன். கொட்டை அரைக்கிற முருகையன் என்னைப் பார்த்ததும், "போன தடவ மாதிரியே சிக்கரி போட்டு அரைக்கட்டுமாக்கா?" என்றார்.

"எதுல சிக்கரி?"

"பாய் வாங்கிட்டுப் போன தூள்லதான். மெஷினுக்குன்னாரு. சிக்கரி போட்டா பிசின் மாதிரி ஆயி அடச்சிக்கும் பாய்னு சொன்னேன். மெஷின் கடையிலயும் அதான் சொன்னாங்க, எனக்குத் தெரியும், நீ தாராளமாப் போடுன்னாரு."

தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன்.

சிக்கரி இல்லாமல் அரைத்து வாங்கி வந்தேன். கிண்ணத்தைத் தேய்த்துக் கழுவி, தூளை நிரப்பி அமுக்கி மாட்டினேன். தேன் நிறத்தில், சன்னமாக, கெட்டியாக இறங்கியது. கண்ணீரும் வந்தது. துடைத்துக்கொண்டு நுஃமானுக்குப் போன் போட்டு, கட்டிலை வேறு எங்காவது போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

நோன்புப் பெருநாள் கழிந்து முதல் விருந்தாளிகள் வந்தார்கள். மறுநாள் காலையில் மாடிக்கு இரண்டு கோப்பைகள் கொடுத்துவிட்டுக் கீழே வந்தேன். இவர் வழக்கம்போல் மேசையில் உட்கார்ந்து, "எனக்கு?" என்றார்.

பழைய எவர்சில்வர் ஃபில்டரையும் முருகையனிடம் சிக்கரி போட்டு அரைத்து வாங்கிய பொட்டலத்தையும் அவர் முன்னால் வைத்தேன்.

"தூளு நீங்க கேட்ட மாதிரியே இருக்கு. மெஷினும் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஏத்ததுதான்" என்றேன். "வெந்நீர மட்டும் நீங்க வெச்சிக்கணும்."